பயிற்சி வகுப்பும் பணியிடமும்: வடசென்னைத் தொழிற்பட்டையில் மேலாளர் கல்வியின் பயன் குறித்து

1. கேள்வி

வடசென்னையின் ஆலைகளிலும் துறைமுகத்திலும் மாநகராட்சி அலுவலகங்களிலும் மேலாளர்களுக்கான பயிற்சிக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் பட்டியல் தயாராகிறது, பெயர்கள் அனுப்பப்படுகின்றன, ஏதேனும் ஓர் அரங்கில் இரண்டு நாள் வகுப்பு நடக்கிறது, முடிவில் கருத்துப் படிவம் நிரப்பிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு எல்லோரும் பணிக்குத் திரும்புகிறார்கள். திரும்பிய பிறகு பணியிடத்தில் என்ன மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இங்கே மேலாளர் என்பது நிர்வாகப் பட்டம் பெற்று உயர்பதவியில் அமர்ந்தவரை மட்டும் குறிக்கவில்லை. ஷிப்ட் சூப்பர்வைசர், ஃபோர்மேன், மாநகராட்சியின் துப்புரவு ஆய்வாளர், குடிநீர் வாரியத்தின் உதவிப் பொறியாளர் ஆகியோரும் இதில் அடங்குவர். பிறருடைய வேலைக்குப் பொறுப்பேற்று, அதற்காகப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இவர்கள். பெரும்பாலோர் வேறொரு தொழிலைக் கற்றுவிட்டு, நிர்வாகத்தைப் பணியிலிருந்தபடியே பழகிக்கொண்டவர்கள்.

பயிற்சியின் பயனை நான்கு படிகளில் அளக்கலாம் என்று அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்தார். பயிற்சி பிடித்திருந்ததா, எதையாவது கற்றார்களா, நடத்தை மாறியதா, நிறுவனத்தின் விளைவுகள் மாறினவா என்பவை அந்தப் படிகள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நடைமுறையில் அளக்கப்படுவது பெரும்பாலும் முதல் படிதான். மூன்றாம், நான்காம் படிகளைப் பற்றி நம்பத்தக்க சான்றுகள் சில உண்டு. அவை ஒரே திசையைக் காட்டுவதில்லை.

2. சான்றுகள் சொல்வது

முதல் சான்று பழையது. 1950-களின் தொடக்கத்தில் எட்வின் ஃப்ளைஷ்மன் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் ஃபோர்மேன்களை ஆராய்ந்தார். தொழிலாளர்களை மதித்து நடத்துவது குறித்து அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது. வகுப்பு முடிந்த உடனே அவர்களின் மனப்பாங்கு மாறியிருந்தது. ஆலைக்குத் திரும்பிய பின் அந்த மாற்றம் நிலைக்கவில்லை. ஒரு ஃபோர்மேன் எப்படி நடந்துகொள்வார் என்பதை வகுப்பைவிட, அவருக்கு மேலே இருந்த அதிகாரியின் போக்கே தீர்மானித்தது.

இரண்டாம் சான்று இந்தியாவைச் சேர்ந்தது. நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய சகாக்களும் மும்பைக்கு அருகே தாராபூர், உம்பர்காவ் பகுதிகளின் 17 நெசவு நிறுவனங்களில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அதன் முடிவுகள் 2013-இல் வெளியாயின. சில ஆலைகளுக்கு ஆலோசகர்கள் மாதக்கணக்கில் உடனிருந்து தரக்கட்டுப்பாடு, சரக்கிருப்பு, இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். முதல் ஆண்டிலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. எளிய நடைமுறைகளை முதலாளிகள் அதுவரை கைக்கொள்ளாததற்கு, அவற்றை அறியாததும் அவற்றின் பயனை நம்பாததும் முக்கியக் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பிச் சென்று பார்த்தபோது, புகுத்தப்பட்ட நடைமுறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தன. ஆலை மேலாளர்கள் மாறியதும் இயக்குநர்களுக்கு நேரமில்லாமல் போனதும் அதற்கான காரணங்களில் சில.

மூன்றாம் சான்று, யாரைப் பயிற்சிக்கு அனுப்புகிறோம் என்பதைப் பற்றியது. அச்யுதா அத்வர்யுவும் சகாக்களும் இந்திய ஆயத்த ஆடை ஆலைகளில் சூப்பர்வைசர்களுக்கான பயிற்சியை ஆராய்ந்தார்கள். யாருக்குப் பயிற்சி தரலாம் என்று இடைநிலை மேலாளர்களிடமே பரிந்துரை கேட்கப்பட்டது. அவர்கள் முதலிடம் தந்த சூப்பர்வைசர்களின் உற்பத்தி உயரவில்லை. பட்டியலில் கீழே இருந்தவர்கள் பயிற்சி பெற்றபோதுதான் உயர்ந்தது. வேலையை விட்டுப் போய்விடக்கூடாது என்று தாங்கள் நினைத்தவர்களையே மேலாளர்கள் முன்னிறுத்தியிருந்தார்கள். பயிற்சி அங்கே ஒரு சலுகையாகப் பங்கிடப்பட்டது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு கருத்து துலங்குகிறது. அறியாமை உள்ள இடத்தில் அறிவு பயன் தருகிறது. அந்தப் பயன் நீடிப்பதும் அழிவதும், மேலாளர் தம் வேலையின் விளைவை யாரிடமிருந்து, எவ்வளவு விரைவில் அறிகிறார் என்பதைப் பொறுத்தது. என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘இதை ஏற்க முடியாது’ என்று தம்மிடம் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கும் இடத்தில்தான் மேலாளர் கற்கிறார். அத்தகையவரைச் சேர்த்துக்கொள்ளாத பயிற்சி சீக்கிரம் கரைந்துவிடுகிறது. இந்த வாதத்தை வடசென்னையின் வரலாற்றில் வைத்துச் சோதிக்கலாம்.

3. பெரம்பூர் மில்: மறுப்பும் நிர்வாகமும்

பின்னி நிறுவனம் பெரம்பூரில் 1876-இல் பக்கிங்காம் மில்லையும் அதன்பின் கர்நாடிக் மில்லையும் தொடங்கியது. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. இயந்திர நுட்பத்தில் மிகச் சிறந்த ஆலைகளாக அவை பெயர் பெற்றிருந்தன. ஐரோப்பிய மேலாளர்களுக்கு நூற்பும் நெசவும் தெரிந்திருந்தன, கணக்கு தெரிந்திருந்தது. தங்கள் தொழிலாளர்கள் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அரை மணி நேர உணவு இடைவேளை போதவில்லை என்பதும், மேற்பார்வையாளர்கள் அடிக்கிறார்கள் என்பதும் ஆலைக்குள் பேச வழியற்ற குறைகளாக இருந்தன.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோதுதான் அந்தக் குறைகளுக்கு ஒரு வடிவம் கிடைத்தது. பி. பி. வாடியா தலைவரானார், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு. வி. க. ஆகியோர் உடனிருந்தார்கள். நிர்வாகம் கதவடைப்பையும் நீதிமன்றத்தையும் நாடியது. வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத நிலையை அவ்வழக்கு அம்பலப்படுத்தியது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கான பின்னணிகளில் அதுவும் ஒன்று. 1921-இன் நீண்ட வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாகவும் துப்பாக்கிச் சூடாகவும் திரிந்து, தோல்வியில் முடிந்தது.

இந்த வரலாறு வழக்கமாகத் தொழிற்சங்க வரலாறாகவே எழுதப்படுகிறது. நிர்வாகக் கல்வியின் வரலாறாகவும் இதைப் படிக்கலாம். வேலைநிறுத்தத்தில் வென்ற பின்னும் நிர்வாகம் பழைய நிலையிலேயே நிற்கவில்லை. 1920-களில் அது தொழிலாளர் பிரதிநிதிகள் அடங்கிய நலக் குழுவை அமைத்தது; பள்ளி, குடியிருப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றை விரிவாக்கியது. பிற்காலத்தில் அந்த ஆலை தொழிலாளர் நலத்துக்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்டது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. நிர்வாகம் தன் தவறிலிருந்து கற்றது என்பது ஒன்று. சங்கத்தின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ள நலப்பணியைக் கருவியாக்கியது என்பது மற்றொன்று. இரண்டாவதே கூடுதல் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிர்வாகத்தோடு ஒத்துப்போகும் குழுவை வளர்த்துவிட்டு, மறுக்கக்கூடிய சங்கத்தை ஒடுக்குவது அக்கால நிர்வாகங்களுக்குப் பழகிய வழி. ஆனால் எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று மாறாது: கேட்கும் வழிகளை உண்டாக்கும்படி அந்த மேலாளர்களைத் தூண்டியது எந்த வகுப்பும் இல்லை, தொழிலாளர்களின் மறுப்பே.

4. சட்டமும் பயிற்சி நிறுவனங்களும்

சுதந்திரத்துக்குப் பின் இந்தக் கேட்கும் வேலையைச் சட்டம் ஒரு பதவியாக்கியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலரை நியமிக்கச் சொன்னது. 1976-இன் திருத்தம் ஆயிரம் தொழிலாளர்கள் உள்ள ஆலைகளுக்குப் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. இப்பதவிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்றவை பணியாளர் நிர்வாகத்தைப் பாடமாக்கின. 1956-இல் சென்னை மேலாண்மைச் சங்கமும், ஹைதராபாத்தில் நிர்வாகப் பணியாளர் கல்லூரியும் தோன்றின. 1958-இல் தேசிய உற்பத்தித்திறன் கழகம் வந்தது.

அதே பத்தாண்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் வழியாக ஒரு பயிற்சி முறையும் இந்தியாவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில், புதிதாக ஆலைக்கு வந்த லட்சக்கணக்கானோரை விரைவில் பழக்குவதற்காக, சூப்பர்வைசர்களுக்கென உருவான முறை அது. வேலையைக் கற்றுத்தருவது, வேலைமுறையைச் சீராக்குவது, பணியுறவுகளைப் பேணுவது என அதற்கு மூன்று பகுதிகள். கற்றுத்தருவதற்கு நான்கு படிகள்: தொழிலாளியை ஆயத்தப்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பின்தொடர்ந்து கவனி. பயிற்சிக்கு வருபவர் தம் பணியிடத்திலிருந்து ஓர் உண்மையான வேலையையோ சிக்கலையோ கொண்டுவர வேண்டும் என்பது அதன் விதி. ஜப்பான் அதை இறுகப் பற்றிக்கொண்டது. நம் நாட்டிலோ அது பல பயிற்சித் தலைப்புகளில் ஒன்றாகக் கரைந்துபோனது. மூன்று படிகளை வகுப்பறையிலேயே நடத்திவிடலாம். நான்காவது படிக்குப் பணியிடத்துக்குப் போய் நிற்க வேண்டும். நம் பயிற்சிகள் கைவிட்டது அந்தப் படியைத்தான்.

5. கொடுங்கையூரின் இரு வளாகங்கள்

கொடுங்கையூரில் இரண்டு பெரிய பொதுப் பணிகள் நடக்கின்றன. ஒன்று, சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. மற்றொன்று, மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. இரண்டும் நகரம் ஒதுக்கித் தள்ளியதைப் பெற்றுக்கொள்கின்றன. இரண்டையும் நடத்துபவர்கள் அரசு சார்ந்த பொறியாளர்களும் அலுவலர்களும். நிர்வாகத் திறனை ஒப்பிட இதைவிட நெருக்கமான சோடி கிடைப்பது அரிது.

1990-களின் தொடக்கத்திலிருந்து மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் கொடுங்கையூரில் ஓரளவு சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி, மேலும் தூய்மைப்படுத்தித் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தி வருகின்றன. 2019-இல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரைச் சவ்வூடுபரவல் வரை தூய்மைப்படுத்தும் ஆலையும் அங்கே இயங்கத் தொடங்கியது. அதன் நீர் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நன்னீர்த் தட்டுப்பாடு இதற்கான முதற்காரணம். என் வாதத்துக்கு முக்கியமானது இந்த ஏற்பாட்டின் அமைப்பு. நீரை வாங்குபவர் அதை அளந்து பார்க்கிறார். கலங்கலோ கரிமப் பொருளோ மிகுந்தால் அவருடைய சவ்வுகள் அடைபடும். கொதிகலனும் குளிர்விப்புக் கோபுரமும் கெடும். அவர் அதை உடனே சொல்வார். கொடுங்கையூரில் இருக்கும் பொறியாளர் தம் வேலையின் தரத்தைத் தணிக்கை அறிக்கைக்குக் காத்திராமல் அறிந்துகொள்கிறார்.

சற்றுத் தள்ளி, ஏறத்தாழ 340 ஏக்கர் பரப்பில் குப்பைக் கிடங்கு இருக்கிறது. நகரின் வடபகுதி மண்டலங்களின் குப்பை பல பத்தாண்டுகளாக இங்கே கொட்டப்படுகிறது. தேங்கியது 60 லட்சம் டன்னுக்கு மேல் என்று மதிப்பிட்டு, அதை அகழ்ந்து பிரிக்கும் பணியை மாநகராட்சி அண்மையில் தொடங்கியது. குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. அதைப் பற்றித் துப்புரவு ஆய்வாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் எத்தனை வகுப்பு வேண்டுமானாலும் நடத்தலாம். பிரித்து வாங்கியது ஏதாவதொரு லாரியில் மீண்டும் கலந்தால், அந்த லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரமோ அக்கறையோ உள்ளவர் வழியில் எவருமில்லை. கிடங்கு எதையும் மறுப்பதில்லை.

பணம் தரும் முறையும் இதே குறையைச் சுமந்திருந்தது. 2000-இல் நகரத்தின் சில மண்டலங்களில் துப்புரவுப் பணியை ஏற்ற ஓனிக்ஸ் நிறுவனத்துக்கு எடையைக் கணக்கிட்டே பணம் தரப்பட்டது. டன் கணக்கில் கூலி என்றால், குப்பையைக் குறைப்பது மேலாளருக்கு நட்டம். எந்தப் பயிற்சியும் அந்தக் கணக்கை வெல்லாது. பிற்கால ஒப்பந்தங்கள் எடையை விட்டுச் செயல்திறன் குறியீடுகளுக்கு நகர்ந்தன. அது முன்னேற்றமே. ஆனால் குறியீட்டை நிரப்புபவர் யார், சரிபார்ப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் தயாரிக்கும் திட்டத்தை எதிர்த்து 2025-இல் சுற்றுவட்டார மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 1918-இல் பெரம்பூரில் நடந்ததைப் போலவே, நிர்வாகத்தின் உள்ளே இடம் கிடைக்காத மறுப்பு தெருவுக்கு வந்தது.

6. எண்ணூர்: யாருக்குப் பயிற்சி?

அபாயகரமான வேதிப்பொருட்களைக் கையாளும் ஆலைகளுக்குப் பயிற்சியும் ஒத்திகையும் சட்டக் கட்டாயம். போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1987-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தமும், 1989-இன் விதிகளும் ஆலைக்கு உள்ளும் வெளியும் அவசரகாலத் திட்டங்களைக் கோரின. பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்றும் கூறின.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்திருந்தது. இரண்டையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது.

பயிற்சி பற்றிய நம் கேள்விக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்றுதான். கசிவின் தொழில்நுட்பக் காரணம் எதுவாக இருந்தாலும், எச்சரிக்கைச் சங்கிலி ஆலை வாசலோடு முடிந்துவிடக்கூடாது. அபாயத்தை முதலில் முகர்ந்து அறிபவர் குப்பத்தில் உறங்குபவர். எந்தச் சத்தத்துக்கு எந்தத் திசையில் போக வேண்டும், எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை என்றால், ஆலையின் ஒத்திகை மேலாளர்களுக்காக மேலாளர்களே நடத்திக்கொண்ட தேர்வாகிவிடும். ஒத்திகை முடிந்ததும் அதைப் பற்றிக் குறைசொல்லும் உரிமை அவருக்கு இருந்தால், மேலாளர் அடுத்த ஒத்திகையை வேறு விதமாக நடத்துவார்.

7. வேறு விதமாகக் கற்ற இரு இடங்கள்

தமிழ்நாட்டில் இதற்கு மாறான முயற்சிகளும் நடந்துள்ளன. 2003–2004 வாக்கில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில், விபு நாயர் என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் முன்முயற்சியில், பொறியாளர்களிடையே ஒரு மாற்றப் பணி தொடங்கியது. ‘கூடம்’ என்று பெயரிட்ட அமர்வுகளில் தலைமைப் பொறியாளரும் இளநிலைப் பொறியாளரும் பதவி வரிசை பாராமல் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். இத்தனை ஆழ்துளைக் கிணறுகள் தோண்டியும் நீர்மட்டம் ஏன் இறங்குகிறது, போட்ட திட்டங்கள் ஏன் நின்றுபோகின்றன என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். பின்னர் அதே அமர்வு கிராமத்துக்குப் போனது. 145 ஊராட்சிகளில் மக்களும் பொறியாளர்களும் சேர்ந்து திட்டத்தை முடிவு செய்தார்கள். புதிய திட்டத்துக்குப் பதிலாகப் பழையதைப் பழுதுபார்ப்பது, செலவு குறைந்த வழியைத் தேர்வது என்று முடிவுகள் மாறின. பொறியாளர்கள் தங்கள் கடப்பாடுகளை மறைமலைநகர்ப் பிரகடனமாக எழுதினார்கள். இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கணிசமானவை முயற்சியில் பங்கேற்றவர்களே எழுதியவை என்பதால், வெற்றிக் கணக்கைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். பயிற்சியின் அமைப்பு மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்கிறது. பொறியாளரின் வரைபடத்தைப் பார்த்து ‘இது எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவர் பயிற்சிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

தனியார் துறையில் பாடியை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு பெற்றது; அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. ஜப்பானிய தர நிர்வாக மரபில், உற்பத்தி வரிசையில் அடுத்த நிலையில் வேலை செய்பவரே முந்தைய நிலையின் வாடிக்கையாளர். பழுதான உறுப்பை அவர் வாங்க மாட்டார், திருப்பி அனுப்புவார். மேலாளரின் கல்வி அந்தத் திருப்பி அனுப்புதலில் தொடங்குகிறது. வகுப்பில் கற்ற புள்ளியியல் அதன் காரணத்தைத் தேடும் கருவியாகிறது.

8. ஆட்சேபங்கள்

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு ஆட்சேபங்களை எழுப்பலாம். முதலாவது, ப்ளூமின் ஆய்விலிருந்தே வருகிறது. வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் லேத்துப் பட்டறையோ வெல்டிங் பட்டறையோ நடத்தும் ஒருவருக்கு அடக்கவிலைக் கணக்கும் பராமரிப்பு அட்டவணையும் தெரியாமலிருக்கலாம். அவருக்கு மறுப்பவர்கள் ஏராளம். வேலை கொடுக்கும் பெரிய நிறுவனம் தினமும் மறுக்கிறது. அவருக்குத் தேவை அறிவுதான். இது சரியான ஆட்சேபம். மறுப்பு மட்டும் இருந்து அறிவு இல்லாவிட்டால் மிஞ்சுவது அவமானமே. ஆகவே சிறு தொழில்களுக்கு, பட்டறைக்கே வந்து உடனிருந்து சொல்லித்தரும் பயிற்சி முதன்மையானது. அறிவு ஏற்கெனவே போதிய அளவு இருக்கும் பெரிய ஆலைகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும்தான் என் வாதம் முழுமையாகப் பொருந்தும்.

இரண்டாவது ஆட்சேபம், அதிகாரம் பற்றியது. மறுப்பைக் கேட்டாலும் அதன்படி செய்ய மேற்பார்வையாளரிடம் அதிகாரம் இல்லை. ஒப்பந்தம் தலைமை அலுவலகத்தில் முடிவாகிறது. கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் வேறொரு நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறார்கள். இதுவும் உண்மை. ஃப்ளைஷ்மன் கண்டதும் இதைத்தான். ஆனால் இது வாதத்தை மறுக்கவில்லை. பயிற்சியை எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆய்வாளரை மட்டும் அனுப்பிவிட்டு அவருடைய மண்டல அலுவலரையும் ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளரையும் விட்டுவிட்டால், அனுப்பப்பட்டவர் திரும்பி வந்து பழைய வேலையையே செய்வார். அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது.

9. முடிவு

இதிலிருந்து நடைமுறைக்கு மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. ஒன்று, பெரிய நிறுவனங்களில் தனிநபரைப் பயிற்சிக்கு அனுப்புவதை விட்டு, ஒரு வேலையின் முழுச் சங்கிலியையும் அனுப்ப வேண்டும்: மேலதிகாரி, மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர், தொழிலாளி. இரண்டு, அந்த வேலையின் விளைவைப் பெறுபவரும் உடனிருக்க வேண்டும். குப்பைப் பயிற்சியில் கிடங்குக்கு எதிரே குடியிருப்பவரும், அவசரகாலப் பயிற்சியில் குப்பத்து மீனவரும் விருந்தினராக வராமல் மதிப்பிடுபவராக வர வேண்டும். மூன்று, கருத்துப் படிவத்தைப் பயிற்சி முடியும் நாளில் பங்கேற்றவரிடம் நீட்டுவதைக் காட்டிலும், ஆறு மாதம் கழித்து இந்த மதிப்பீட்டாளரிடம் கொடுப்பதே பொருத்தம்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. எதிர்ப்பு செலவைக் காரணம் காட்டியும் வராது. தங்களை மதிப்பிடும் உரிமையை ஆலை வாசலுக்கு வெளியே இருப்பவருக்குத் தர நிர்வாகங்கள் தாமாக முன்வருவது அரிது. பெரம்பூரில் தொழிலாளர்கள் அதைப் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே மேலாளர் கல்வியைப் பயிற்சித் துறையின் உள்விவகாரமாக விட்டுவிட முடியாது. ஒப்பந்தங்களிலும் உரிம நிபந்தனைகளிலும் எழுதப்பட வேண்டிய பொதுப் பிரச்சினை அது. கொடுங்கையூர்க் கிடங்கில் அடுத்து வரும் எந்த ஒப்பந்தத்திலும், பிரிக்காத குப்பை லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்ற வரி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கலாம். அந்த வரி இல்லையென்றால், துப்புரவு ஆய்வாளருக்கு இன்னொரு வகுப்பு நடத்துவதில் பொருளில்லை.